வெங்காரமும் பிளாட்டினமும்

அபூர்வ உலோகங்கள் மட்டுமே செய்யும் என்று கருதப்பட்ட வேலையைப் போரானும் பாஸ்பரஸும் அலுமினியமும் செய்யத் தொடங்கியிருக்கின்றன. இதனால் யாருக்கு என்ன லாபம்? சிக்கல் எங்கே இருக்கிறது?

கனடா தேசத்தின் தென்கோடியில், ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தைப் பார்த்தவண்ணம் இருக்கும் வின்ட்ஸர் என்னும் ஊரின் பல்கலைக்கழக ரசாயனக் கூடத்தில் நடந்து, 2006-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ‘சயன்ஸ்’ பத்திரிகையின் வாயிலாக உலகத்துக்குத் தெரியவந்த ஒரு பரிசோதனை, பார்வைக்குப் பொருட்காட்சியில் காட்டும் வர்ண வித்தையைப் போலத்தான் இருக்கும். ஒரு கண்ணாடிக் குடுவை. அதனுள் ஆரஞ்சுப் பழத் தோலுக்கும் செங்காவிக்கும் இடைப்பட்ட நிறத்தில் ஒரு திரவம். காற்றை அகற்றிவிட்டு, சாதாரண அறை வெப்பத்திலேயே ஹைட்ரஜன் வாயுவை உள்ளே விட்டால், செம்மை வெளிறி நிறமற்றுப் போகிறது. 100 டிகிரிக்கு மேல் சூடேற்றினால், உள்ளே போன ஹைட்ரஜன் போன வழியே திரும்பி வர, மறுபடியும் செம்மை படர்கிறது.

நிறம் மாறியதைக் கண்டு யாரும் வியக்கவில்லை. குடுவைக்குள் உலோகம் எதுவும் இல்லை என்பதைக் கண்டே வியந்தார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு என்பது இரண்டே அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் ஜோடி. அந்தப் பிடியைத் தளர்த்திப் பிரித்து, பிறகு வேண்டியபோது திரும்பச் சேர்த்தும் விடவேண்டுமானால், பிளாட்டினமோ பல்லேடியமோ ரோடியமோ, இவையெல்லாம் கைக்கெட்டாதபோது நிக்கலாவது வந்தாகவேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக ரசாயன வகுப்புகளில் ஓதப்பட்டு வந்த பாடம். டக்ளஸ் ஸ்டீஃபன் என்னும் பேராசிரியரும் கிரெகரி வெல்ச் முதலான அவருடைய மாணவர்களும் காட்டிய குடுவையில் அந்த வேலையைச் செய்தவை போரானும் பாஸ்பரஸும். முன்னது பொற்கொல்லர் பட்டறையில் கிடக்கும் வெங்காரத்தில் இருப்பது; பின்னது நம் எலும்பிலேயே இருப்பது.

அந்தக் கூடத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. மோட்டார் வண்டிகளின் தலைநகரமென்று பெயரெடுத்தது டெட்ராய்ட்; வண்டிகளின் புகைக்குழாயில் பொருத்தும் வினையூக்கிப் பெட்டிகள்தாம் உலகத்தில் எடுக்கப்படும் ரோடியத்தில் பெரும்பங்கை விழுங்குகின்றன. அபூர்வ உலோகங்களின் மிகப் பெரிய பசிக்கு முன்னால் நின்றுகொண்டு, அவை இல்லாமலும் காரியம் நடக்கும் என்று ஒரு சிறு குடுவை சொல்லியிருக்கிறது.

மிராசுதார்களின் கதை

தான் செலவாகாமல், பக்கத்தில் இருந்தே பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் வஸ்துவின் செயலுக்கு, அதாவது வினையூக்கத்துக்கு, 1835-இல் பெயர் சூட்டியவர் ஸ்வீடன் நாட்டு பெர்ஸீலியஸ். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, ஜெர்மனியின் யேனா நகரத்தில் டோபரைனர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜன் தாரையைப் படவிட்டால் அது காற்றில் தானே பற்றிக்கொள்வதைக் கண்டு, தீக்குச்சி வழக்கத்துக்கு வராத அக்காலத்தில் அதைக் கொண்டே ஒரு விளக்கும் செய்துவைத்தார். பிரான்ஸில் ஸபாட்டியே நிக்கல் பொடியைக் கொண்டு ஹைட்ரஜனைக் கரிமச் சேர்மங்களில் ஏற்றும் வழியைக் காட்டி 1912-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த நிக்கல் எண்ணெயை இறுகவைத்த புண்ணியத்தால்தான் பனைமரம் வரைந்த தகர டப்பாவில் டால்டா 1937-இல் நம் அடுக்களைக்குள் நுழைந்தது. பிறகு ரோடியமும் ருத்தீனியமும் 2001-இல், பல்லேடியம் 2010-இல், தம்மைப் பழக்கியவர்களுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தன.

இவையெல்லாம் ஆவர்த்தன அட்டவணையின் நடுவில் பத்து நெடுவரிசைகளில் அமர்ந்திருக்கும் இடைநிலை உலோகங்கள். எலெக்ட்ரான்களைக் கொடுக்க ஒரு கையும் வாங்க ஒரு கையும் ஏக காலத்தில் நீட்டக்கூடிய அமைப்பு அவற்றுக்கு இயற்கையாகவே வாய்த்திருக்கிறது. இடப்புறம் இரண்டு வரிசையும் வலப்புறம் ஆறு வரிசையுமாக ஒதுங்கியிருக்கும் முக்கியத் தொகுதி மூலகங்களுக்கு, அதாவது சோடியம், கால்சியம், அலுமினியம், சிலிக்கன், போரான், பாஸ்பரஸ், வெள்ளீயம், பிஸ்மத் போன்றவற்றுக்கு, அவ்விரு கைகளும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருப்பதால், ஒரு முறை கொடுத்தால் கொடுத்ததுதான், வாங்கினால் வாங்கியதுதான் என்ற சுபாவம். வினையூக்கத்துக்கு வாங்கினால் மட்டும் போதாது. வேலை முடிந்ததும் கையை உதறிக்கொண்டு அடுத்ததற்குத் தயாராகவும் வேண்டும். ஆகவே இந்தத் தொழில் உலோகங்களின் பரம்பரை மிராசாகவே இருந்துவந்தது.

ஏராளத்துக்கும் தொல்லைக்கும் ஒரே மூலம்

இடைநிலை உலோகங்களில் உயர்ந்த சாதியாரென்று கருதப்படும் பிளாட்டினம், ரோடியம், இரிடியம் ஆகியவை ஏன் அபூர்வம், அலுமினியமும் கால்சியமும் ஏன் ஏராளம் என்ற கேள்விக்கு, கோல்ட்ஷ்மிட் என்ற பூகர்ப்ப ரசாயன அறிஞர் 1920-களில் வகுத்துக் கொடுத்த விடை என் மனத்தை வெகுவாகக் கவர்ந்தது. பூமி உருகிக் கிடந்த ஆதி காலத்தில் இரும்பு கனத்து நடுவே இறங்கியபோது, இரும்பின்மேல் பிரியமுள்ள உலோகங்கள் அதனோடு கூடவே பாதாளத்துக்குப் போய்விட்டன. ஆக்ஸிஜன்மேல் பிரியமுள்ளவை அதனைக் கட்டிக்கொண்டு பாறையாகி மேலே தங்கிவிட்டன. ஆதலால் மேலோட்டுப் பாறையில் நிறைக்கணக்கில் 100-க்கு 28 பங்கு சிலிக்கன், 8 பங்கு அலுமினியம், 4 பங்கு கால்சியம் என்று கிடைக்க, ரோடியமும் இரிடியமும் ஒரு டன் பாறைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் என்ற அளவில், சில சமயம் அதற்கும் குறைவாக, எஞ்சியிருக்கின்றன.

இதை ஊன்றிப் பார்த்தால், இந்த விவகாரத்தின் முடிச்சு முழுவதும் இங்கேயே இருப்பது தெரியும். அலுமினியத்தையும் சிலிக்கனையும் போரானையும் நம் காலடியில் நிறைத்துவைத்த ஆக்ஸிஜன் மோகம் எதுவோ, அதுவேதான் ஆய்வுக்கூடத்தில் அவற்றைத் தொல்லை பிடித்தவையாக ஆக்குகிறது. பிளாட்டினத்தை நம்மிடமிருந்து மறைத்த அலட்சிய சுபாவம் எதுவோ, அதுவேதான் காற்றுக்கும் தண்ணீருக்கும் அசையாமல் அதனை வேலை செய்யவைக்கிறது. மலிவை மட்டும் வைத்துக்கொண்டு தொல்லையை விட்டுவிடுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

கல்லூரியில் நான் படித்த காலத்தில் இதை மூக்கினாலேயே அறிந்தேன். ஐப்பசி மாதத்து அடைமழை நாளொன்றில், நீரற்ற அலுமினியம் குளோரைடு இருந்த பழைய போத்தலின் மூடியைச் சிறிது திருகியதுதான் தாமதம். ‘உஸ்’ஸென்று ஒரு பெருமூச்சு கிளம்பி, வெண்புகை சுருண்டெழுந்து, தொண்டையைக் கரகரவென்று அறுத்தது. அறையிலிருந்த மழையீரத்தை அந்த மஞ்சள் தூள் குடித்துக்கொண்டிருந்தது. அரை மணி கழித்துப் பார்த்தால், கரண்டியில் எடுத்து வைத்திருந்தது வேலைக்காகாத வெண்களிம்பாகிக் கிடந்தது. ஆய்வுக்கூட உதவியாளர் ஒரு வார்த்தை பேசவில்லை; ஜன்னலை மட்டும் திறந்துவிட்டார்.

பெட்டிச் செய்தி: கடைத்தெருவில் ஆவர்த்தன அட்டவணை

நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் முக்கியத் தொகுதியில் பாதி காகிதப் பொட்டலத்தில் வந்துவிடும். வெங்காரத்தில் போரானும் சோடியமும், படிகாரத்தில் அலுமினியமும் பொட்டாசியமும் கந்தகமும், சுண்ணாம்பில் கால்சியம், இந்துப்பில் சோடியம், நவச்சாரத்தில் நைட்ரஜன். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் உண்மையில் வெள்ளீயம். சேலத்துக்கு அருகே வெண்மையாகத் தெரியும் சுண்ணாம்புக்கரடு பெயரளவில்தான் சுண்ணாம்பு. தோண்டினால் வருவது மக்னீசியம் கார்பனேட் கல்.

சேரமுடியாத ஜோடி

வின்ட்ஸர் குடுவையின் தந்திரத்தைப் புரிந்துகொள்ள 1923-க்குப் போகவேண்டும். எலெக்ட்ரான் இரட்டையை வாங்கிக்கொள்வது அமிலம், கொடுப்பது காரம் என்று அமெரிக்க ரசாயன மேதை லூயிஸ் அவ்வாண்டில் ஒரு விரிந்த இலக்கணம் வகுத்தார். போரான் சேர்மம் வாங்கும் கட்சி. பாஸ்பரஸ் சேர்மம் கொடுக்கும் கட்சி. இரண்டையும் ஒன்றாக விட்டால் உடனே பிணைந்து, கொடுக்கல் வாங்கல் தீர்ந்து, கணக்கை மூடிவிட்டு உட்கார்ந்துவிடும்.

ஆனால் 1942-இல் ஹெர்பர்ட் பிரௌன் ஒரு விதிவிலக்கைக் கண்டார். லுட்டிடின் என்ற காரம் போரான் டிரைஃப்ளோரைடோடு சேர்கிறது. மெத்தில் குழுக்கள் மூன்று ஒட்டிய போரானோடு மட்டும் சேர மறுக்கிறது. தலையில் ஆளுக்கொரு பெரிய வைக்கோற்கட்டைச் சுமந்த இருவர் காதோடு காதாக ரகசியம் பேச முயல்வதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கட்டுகள் முட்டிக்கொள்ளுமே தவிர வாயும் காதும் சந்திக்கா. ஜெர்மனியில் கியோர்க் விட்டிக் என்பவரும் 1950-களின் கடைசியில் பாஸ்பரஸ், போரான் சேர்மங்களைச் சேர்த்து வைத்து, இதையொத்த ஒரு விந்தையைப் பார்த்தார். விதியின் குறும்பு என்னவென்றால், 1979-ஆம் ஆண்டு ரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் இவ்விருவருமே. முன்னவருக்குப் போரானுக்காக, பின்னவருக்குப் பாஸ்பரஸுக்காக. முட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஜோடி இடைவெளியில் எதைச் செய்யவல்லது என்று கேட்கும் யோசனை அதற்குப் பின்னும் 27 ஆண்டு காத்திருந்தது.

ஸ்டீஃபன் கேட்டார். வைக்கோற்கட்டுக்காரர் இருவருக்கும் நடுவே ஒரு சிறு பிள்ளை புகுந்தால் என்ன ஆகும்? ஹைட்ரஜன்தான் அந்தச் சிறு பிள்ளை; மூலக்கூறுகளில் அதைவிடச் சிறியது கிடையாது. இடைவெளியில் அது நுழைந்ததும், கொடுக்க வழியின்றி ஏங்கிய பாஸ்பரஸ் ஒரு புறமும், வாங்க வழியின்றி ஏங்கிய போரான் மறு புறமும் இழுக்க, ஹைட்ரஜன் இரண்டாகப் பிளந்து, மின்னூட்டம் நேரான பாதி பாஸ்பரஸிடமும் எதிரான பாதி போரானிடமும் போய்ச் சேர்கின்றன. நடுவரிசை உலோகம் ஒரே அணுவில் வைத்திருந்த இரு கைகளை, இங்கே இரண்டு அணுக்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்திருக்கின்றன. அடுத்த ஆண்டே இந்த ஏங்கும் இணைகள், பிளந்த ஹைட்ரஜனை வேறு சேர்மங்களின்மேல் ஏற்றித் திரும்பத் திரும்ப வேலை செய்யும் மெய்யான வினையூக்கிகளாகவும் ஆயின. ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகரத்து கெர்ஹார்ட் எர்க்கர் இத்துறையில் ஸ்டீஃபனுக்கு இணையான பங்காளி.

கதவு திறந்தது இந்த ஒரு வாசலில் மட்டுமல்ல. கலிபோர்னியாவில் ஃபிலிப் பவர் 2005-லேயே ஜெர்மானியம் என்னும் மூலகத்தின் சேர்மம் ஒன்று சாதாரண வெப்ப அழுத்தத்தில் ஹைட்ரஜனை ஏற்பதைக் காட்டியிருந்தார். 2007-இல் அதே மாகாணத்தில் கி பெர்ட்ராண்ட் ஒற்றைக் கரியணுவைக்கொண்டே ஹைட்ரஜனையும், உலோகங்களுக்கே சிரமமான அம்மோனியாவையும் பிளந்தார். மறு ஆண்டு ஜெர்மனியில் ஹார்டர், கால்சியம் வினையூக்கியால் ஹைட்ரஜன் ஏற்றிக் காண்பித்தார். எலெக்ட்ரானுக்காகக் கையேந்துவதையே தொழிலாகக் கொண்ட அலுமினியத்தைக் கொடுக்கும் கட்சியாக மாற்றிய சேர்மத்தை 2018-இல் ஆக்ஸ்போர்டுக்காரர்கள் படைத்தார்கள்.

சுரங்கத்திலிருந்து மாத்திரைவரை

அபூர்வக் கனிமங்களைப் பற்றி இன்று டீக்கடை பெஞ்சிலும் பேச்சு நடக்கிறது. ரோடியத்தின் விலை 2021 மார்ச்சில் அவுன்ஸுக்கு ஏறத்தாழ 30,000 டாலரைத் தொட்டு, மூன்று ஆண்டு ஆவதற்குள் 5,000-க்கும் கீழே சரிந்தது. இப்படித் தலைகீழாகக் குதிக்கும் பொருளை நம்பி ஒரு ஆலைக்காரர் ஐந்தாண்டுத் திட்டம் போட முடியுமா? பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென் ஆப்பிரிக்காவின் ஒரே பாறைத் தொகுதியிலிருந்தும், பல்லேடியத்தில் கணிசமான பங்கு ரஷ்யாவின் வடகோடியில் நொரில்ஸ்க் என்னும் உறைபனி நகரத்திலிருந்தும் வருகின்றன. தென் ஆப்பிரிக்காவின் மாரிக்கானாவில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்மீது 2012 ஆகஸ்ட் 16-இல் போலீஸார் சுட்டதில் 34 பேர் மாண்டார்கள். நொரில்ஸ்கில் 2020 மே மாதம் எண்ணெய்த் தொட்டி ஒன்று சரிந்து, ஏறக்குறைய 20,000 டன் டீசல் வழிந்தோடி ஆற்றைச் சிவப்பாக்கியது. ஒரு கிராம் பல்லேடியத்தின் உண்மை விலையில் இவையும் சேர்த்தி.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த உலோகங்களைப் பெருமளவில் தின்கிற புகைக்குழாய்ப் பெட்டியை ஏங்கும் இணைகளால் மாற்ற முடியாது. தணல் போன்ற சூட்டில், நீராவிக்கும் ஆக்ஸிஜனுக்கும் நடுவே, போரான்–பாஸ்பரஸ் ஜோடி ஒரு விநாடி தாங்காது. முக்கியத் தொகுதியினால் பயன் வரவேண்டிய இடம் நுண்ணிய ரசாயனத் தொழில்: மருந்து, நறுமணப் பொருள், சிலிக்கோன், நவீன பிளாஸ்டிக்.

மருந்தை எடுத்துக்கொள்வோம். பல்லேடியத்தைக் கொண்டு ஒரு மூலப்பொருளைச் செய்தபின், அந்த உலோகத்தின் கடைசித் துகள்களையும் விரட்டியாக வேண்டும். வாய்வழி உட்கொள்ளும் மருந்தில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் பல்லேடியம் உடம்பில் புகக்கூடாது என்பது சர்வதேச மருந்து நெறி. ரோடியத்துக்கும் அதே வரம்பு. செய்த பொருளைக் கரித்தூளில் வடிகட்டி, உலோகத்தைக் கவ்வும் விசேஷத் தூள்களில் புரட்டி, மறுபடி படிகமாக்கி, மறுபடி சோதித்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சரக்கையும் கரைப்பானையும் இழந்து நடக்கும் இந்தச் சுத்திகரிப்பு, சில சமயம் வினையைவிட நீளமானது. உலோகமே போடாமல் வேலை முடிந்தால் அத்தனை சுற்றும் மிச்சம். பிற தேசங்களுக்கெல்லாம் மாத்திரை செய்து அனுப்பும் இந்தியாவுக்கு இது சில்லறை விஷயமல்ல.

சிலிக்கோனின் கதை இன்னும் விநோதம். கைக்குழந்தையின் பால் புட்டியில் மாட்டும் மிருதுவான சிலிக்கோன் காம்பு பெரும்பாலும் பிளாட்டினத்தால் இறுகியது. இறுகியபின் அந்தப் பிளாட்டினத்தை யாரும் வெளியே எடுப்பதில்லை. மில்லியனில் சில பங்குதான் என்றாலும், உலகமெங்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுதோறும் டன் கணக்கில் பிளாட்டினம் திரும்பி வராத யாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. சிலிக்கன்–ஹைட்ரஜன் பிணைப்பைப் போரான் சேர்மமே தூண்டிவிடும் என்பதை 1996-இல் கனடாவின் கால்கரியில் வாரன் பியர்ஸ் குழுவினர் காட்டினார்கள். ஆலைகளில் அது பிளாட்டினத்தின் நாற்காலியில் இன்னும் அமரவில்லை. ஆனால் நாற்காலி ஆடத் தொடங்கியிருக்கிறது.

உரத்தின் கதையில் முக்கியத் தொகுதி வெகு நாளாகத் திரைமறைவில் வேலை செய்துவந்திருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஆலைகளின் இரும்பு வினையூக்கியில், அல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகளின் முடிவில் கண்டது, இரும்பு தனியே சோம்பேறி என்பதும், பொட்டாசியமும் அலுமினா தூளும் சுண்ணாம்பும் சேர்ந்தால்தான் அது சுறுசுறுப்படைகிறது என்பதுமே. 2018-இல் ஜெர்மனியின் வ்யூர்ட்ஸ்புர்க்கில் ஹோல்கர் பிரௌன்ஷ்வைக் குழுவினர் போரானைக்கொண்டே நைட்ரஜனைப் பிடித்துக் கட்டினார்கள். அது இன்னும் சுழலும் வினையூக்கமாகவில்லை. அவ்வாறே கரியமில வாயுவை ஏங்கும் இணைகள் கட்டி, சூடேற்றினால் விடுவதை 2009-இல் ஸ்டீஃபனும் எர்க்கரும் சேர்ந்து காட்டினார்கள். அதனை மெத்தனாலின் பக்கம் இழுத்துச் செல்லும் வேலை க்யூபெக்கின் லவால் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் தொடர்கிறது.

பெட்டிச் செய்தி: தண்ணீர் பாட்டிலில் இருக்கும் வினையூக்கி

முக்கியத் தொகுதியென்றால் சாதுவென்று நினைத்துவிட வேண்டாம். நாம் வாங்கிக் குடிக்கும் பெட் பாட்டிலின் பிளாஸ்டிக் பெரும்பாலும் ஆண்டிமனி ஆக்ஸைடின் தூண்டுதலால் உண்டானது. ஒரு கிலோ பிளாஸ்டிக்கில் 200 முதல் 300 மில்லிகிராம் ஆண்டிமனி தங்கிவிடுகிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 2006-இல் நடந்த ஆய்வு, பாட்டில் தண்ணீரில் அது சிறிது சிறிதாகக் கசிவதைக் கண்டது. கசிந்த அளவு, லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்புக்கு வெகு கீழே. ஆண்டிமனியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. அதன் ஏற்றுமதிக்கு அந்நாடு 2024-இல் கடிவாளம் போட்டது.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்

‘பூமியில் ஏராளம், ஆகவே நீடித்து நிற்கும்’ என்ற வாதம் பத்திரிகைத் தலைப்புக்கு அழகாக இருக்கிறது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். மலிவாக இருப்பது மூலகம்; வினையூக்கியாக வேலை செய்வது அந்த மூலகத்தின்மேல் எழுப்பிய மாளிகை. ஏங்கும் இணைகளில் புகழ்பெற்ற போரான் சேர்மத்தில் ஒரே ஒரு போரானைச் சூழ்ந்து 15 ஃப்ளோரின் அணுக்கள் நிற்கின்றன. ஃப்ளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள் மண்ணில் எளிதில் மக்காமல் கிடப்பதைப் பற்றி உலகமே கவலைப்படும் காலம் இது. அச்சேர்மத்தைச் செய்வதும் கையாள்வதும் ஈரமும் காற்றும் அணுவளவும் புகாத கையுறைப் பெட்டியில். அப்பெட்டியின் விசிறியும் பம்பும் வாயு சுத்திகரிப்பும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரச் செலவை, சிக்கனத்தைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் ஏனோ குறிப்பிடுவதில்லை.

மூலகத்தின் பிறப்புச் செலவும் உண்டு. பாறையில் ஆக்ஸிஜனைக் கட்டிக்கொண்டிருக்கும் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கக் கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். பாஸ்பரஸை 1,500 டிகிரி மின்னுலையில் வேகவைத்து எடுக்கிறார்கள். ராஜதந்திரத்தைக் கேட்டாலோ, உலகத்தின் போரான் இருப்பில் முக்கால்வாசியளவு துருக்கியிலும், பாஸ்பேட் பாறையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மொராக்கோவின் கையிலும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் தனக்கு அபாயமென்று பட்டியலிட்ட மூலப்பொருள்களில் பிளாட்டினத்துக்குப் பக்கத்திலேயே போரேட்டும் பாஸ்பரஸும் இடம்பெற்றிருக்கின்றன. ரஷ்யாவை விட்டுத் துருக்கியிடம் போவது விடுதலையா, வீடு மாற்றமா என்பதை அரசியல்வாதிகள் சொல்லட்டும்.

பல்லேடியத்தின் சார்பிலும் ஒரு வார்த்தை. அதை வடிகட்டி, உருக்கி, மறுபடி உபயோகிக்கலாம். விலை உயர்ந்ததாயிற்றே என்று யாரும் சாக்கடையில் கொட்டமாட்டார்கள். போரான் சேர்மமோ ஒரு முறை ஈரம் பட்டுக் கெட்டால் கெட்டதுதான். இதற்கிடையில், நடுவரிசையிலேயே ஏழைகளான இரும்பும் மாங்கனீஸும் ‘நாங்களும் மலிவுதானே’ என்று போட்டிக்கு நிற்கின்றன. முக்கியத் தொகுதி வெல்லும் இடங்கள் இருக்கும். எல்லா இடமும் அதற்குரியதாகாது.

ஈரத்துக்குள் இறங்கியவர்கள்

ஆகவே அடுத்த படி, ஆக்ஸிஜன் மோகம் கொண்ட மூலகங்களை ஈரக்காற்றோடு பழக்குவது. 2014-இல் ஈதர் போன்ற சாதாரணக் கரைப்பான்களிலேயே ஏங்கும் இணைகள் வேலை செய்யும் என்று தெரிந்தது. புடாபெஸ்டில் டிபோர் ஷோஷ், போரானைச் சுற்றிய வேலியின் அளவைத் திருத்தித் தண்ணீரை அண்டவிடாமல் செய்யும் உபாயம் கண்டார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆண்ட்ரூ ஆஷ்லி, போரானுக்குப் பதில் வெள்ளீயத்தை அமர்த்தினார். ஈரம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. டொராண்டோவில் ஜெஃப்ரி ஓஸின், இண்டியம் ஆக்ஸைடின் மேற்பரப்பிலேயே இத்தகைய ஜோடிகள் இயல்பாக அமைந்திருப்பதைக் காட்டி, குடுவைச் சரக்கைத் திடப்பொருளாக்கும் வழியைத் திறந்தார். ஜெர்மனியின் ம்யூல்ஹைமில் யோசெப் கொர்னெல்லா, வயிற்று மருந்தாகவே விழுங்கப்படும் பிஸ்மத்தை உலோகத்தைப்போல் கொடுத்தும் வாங்கியும் சுழலவைக்கிறார். கோட்டிங்கனில் ஹெர்பர்ட் ரோஸ்கியிடம் பயின்று திரும்பிய இந்தியர் பலர் புவனேசுவரத்திலும் புனேயிலும் கொல்கத்தாவிலும் ஹைதராபாத்திலும் இதே வேலையில் இருக்கிறார்கள்.

இவர்களில் எவரையும்விட நான் அதிக நேரம் நின்று பார்த்தது எங்கள் தெருப் பொற்கொல்லரைத்தான். வெங்காரக் கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைத்து, பால்போன்ற குழம்பைத் தூரிகையால் வளையலின் இணைப்பில் தொட்டுவைத்து, ஊதுகுழலால் சுடரை வளைத்து அதன்மேல் விடுவார். குழம்பு முதலில் அரிசிப்பொரிபோல் உப்பும். பிறகு அடங்கி, கண்ணாடித் துளியாய் உருகிப் படரும். சூட்டில் உலோகத்தின்மேல் படியும் ஆக்ஸைடு மாசையெல்லாம் அந்தத் துளி தன்னுள் கரைத்துக்கொள்ள, பற்று பளிச்சென்று ஓடிப் பிடிக்கும். திறந்த காற்றில், நீரில் உரைத்து, போரானின் ஆக்ஸிஜன் மோகத்தையே அவர் கருவியாக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வெங்காரத்தோடு கந்தக அமிலம் சேர்த்தால் கிடைப்பது போரிக் அமிலம். கேரம் பலகையில் காய் வழுக்கத் தூவுகிறோமே, அந்த வெள்ளைத் தூள்தான். ஆக்ஸிஜனை ஏற்கெனவே வயிறாரப் பெற்றுவிட்டதால் காற்றைக் கண்டு அது பதறுவதில்லை. கரிம அமிலத்தையும் அமீனையும் இணைத்து, மருந்து மூலக்கூறுகளில் எங்கும் காணப்படும் அமைடு பிணைப்பை உண்டாக்குவதற்குப் போரான் அமிலங்கள் வினையூக்கியாகும் என்று ஜப்பானில் இஷிஹாராவும் யமமோட்டோவும் 1996-இல் காட்டினார்கள். சில ஆண்டுகளில், இந்தக் கேரம் பவுடரே போதுமென்று செய்முறை எழுதப்பட்டு 2005-இல் அச்சாயிற்று. கையுறைப் பெட்டி வேண்டாம், ஃப்ளோரின் வேண்டாம், பல்லேடியம் வேண்டாம். டொலுயீனில் கொஞ்சம் தூளைப் போட்டுச் சில மணி நேரம் கொதிக்கவிட, குடுவையின் பக்கக் குழாயில் கழிவென்று சொட்டுச் சொட்டாக வந்து சேர்வது தண்ணீர்.